ஒரு ஆளுக்கு இடம் விட்டு

1

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, லிஸ்பனில் நான் குடியிருக்கும் தெருமுனையில் உள்ள ரொட்டிக் கடையில் வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற வயதான அம்மா ஒருவர் திரும்பிப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். பிறகு கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, என் வலது கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

எனக்குத் தெரிந்த போர்த்துகீசு, சமையலறை போர்த்துகீசு. உப்பு, வெங்காயம், சீக்கிரம், இதை மறுபடியும் கழுவு. அதை வைத்துக்கொண்டு அவர் பேசியதில் பாதியைப் பிடித்தேன். என்னைப் படத்தில் பார்த்தாராம். அன்று இரவு தூங்கவே இல்லையாம். இனிமேல் நான் தனி ஆள் கிடையாதாம்.

எனக்கு மனைவி இருக்கிறாள், மகள் இருக்கிறாள், இருவரும் நன்றாக இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்த சொற்களை அடுக்கிச் சொன்னேன். பொய் சொல்லும் பிள்ளையிடம் தலையாட்டுவதுபோல அவர் தலையாட்டினார். என் ரொட்டிக்கும் சேர்த்து அவரே காசு கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த ரொட்டியை நான் சாப்பிடவில்லை. கோபத்தில் இதை எழுத உட்கார்ந்தேன். ஊரில் இருக்கும் உங்களில் யாராவது அந்தப் படத்தைப் பார்த்திருக்கலாம், இனி பார்க்கவும் செய்யலாம். படத்தின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் தேடிப் பார்ப்பீர்கள்.

2

என் பெயர் ஏழுமலை. பிறந்தது பள்ளிப்பட்டுக்குப் பக்கத்தில், ஆந்திர எல்லையை ஒட்டிய ஒரு கிராமம். ஒன்பதாம் வகுப்பில் தோற்றுப்போய், பதினாறு வயதில் கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு உருட்டாலையில் சேர்ந்தேன். உருளைகளுக்கு நடுவிலிருந்து சிவக்கச் சிவக்க வெளியே வரும் கம்பியை இடுக்கியால் பிடித்து அடுத்த வாய்க்குள் திருப்பிவிடும் வேலை. அதன்பிறகு சூரத், கத்தார், மலேசியா, கடைசியாகப் போர்ச்சுகல். குடும்பக் கஷ்டத்துக்காகத்தான் போனேன் என்று சொன்னால் முழு உண்மை ஆகாது. ஒரே ஊரில் மூன்று வருடம் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும். கஸ்தூரிக்கும் அது தெரியும். ஒவ்வொரு முறையும் "சரி, போய்க்கினு வா" என்றுதான் சொன்னாள்.

கஸ்தூரி என் மனைவி. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை செய்கிறாள். வாடகை வீடு. மகள் தர்ஷினி மின்சார ரயிலில் சென்னைக்குப் போய்க் கல்லூரியில் படிக்கிறாள். சின்ன வயதில் என்னை "நைனா" என்று கூப்பிட்டவள். கல்லூரிக்குப் போன பிறகு "அப்பா" ஆகிவிட்டேன். நானும் அதற்குத் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டேன்.

போர்ச்சுகலில் முதல் வருடங்கள் தெற்கே, பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் ராஸ்பெர்ரி பறிக்கும் தோட்டங்களில் போயின. ஒரு அறையில் பதினோரு பேர். தங்கும் அனுமதிக்காக வரி எண், அதற்காக முகவரிச் சான்று, முகவரிச் சான்றுக்காக வீட்டுக்காரன் கையெழுத்து, அவன் கையெழுத்துக்காக அவனுடைய தோட்டத்தில் இன்னும் ஒரு வருடம். காகிதம் இல்லாதவன் வெளியே போனால் திரும்பி உள்ளே வர முடியாது. அதனால் தர்ஷினியின் மஞ்சள் நீராட்டுக்கு என்னால் ஊருக்குப் போக முடியவில்லை. அப்போது அவளுக்கு வயது பதின்மூன்று.

எங்கள் பக்கத்தில் வெளிநாட்டில் ஆள் இருக்கிற வீட்டு விசேஷங்களில் ஒரு வழக்கம் உண்டு. ஸ்டுடியோக்காரரிடம் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒன்றைக் கொடுத்துவிட்டால், கம்ப்யூட்டரில் இருக்கும் கோட்டு சூட்டு போட்ட ஏதோ ஒரு உடம்பில் அந்தத் தலையை வைத்து, குடும்பத்தோடு நிற்கவைத்துவிடுவார். மணவாள நகரில் கஸ்தூரியின் அம்மா வீட்டருகே ஒரு மண்டபத்தில் விசேஷம் நடந்தது. அதிலிருந்து எனக்கு ஒரு போட்டோ வந்தது. பட்டுப் பாவாடையில் தர்ஷினி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். பின்னால் கஸ்தூரி. அவள் பக்கத்தில் நீலக் கோட்டில் நான். முகம் கறுப்பு, கை சிவப்பு. மணிக்கட்டில் தங்கக் கடிகாரம் வேறு.

அந்தப் போட்டோவை என் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டிவைத்திருந்தேன். பெட்டியை எப்போது திறந்தாலும் கண்ணில் படும்.

3

மதுமிதா சென்னைப் பெண். சினிமா படிக்க இங்கே வந்தவள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த உணவகத்துக்குச் சாப்பிட வந்தபோது, உள்ளே நான் போனில் பேசும் சத்தம் கேட்டுச் சமையலறைக் கதவில் தலையை நீட்டினாள்.

"அண்ணா, நீங்க நார்த் மெட்ராஸா?"

"அதுக்கும் வடக்கம்மா. கும்மிடிப்பூண்டி."

"ஐயோ, ட்ரெயின் போர்டுல மட்டும்தான்ணா அந்தப் பேரைப் பாத்திருக்கேன்!"

"ஏறி குந்திக்கினு வந்திருந்தா ஊரையும் பாத்திருக்கலாம்" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். இரண்டு வருடமாக என்னோடு முகம் பார்த்துத் தமிழ் பேச ஆள் இல்லை. அந்தச் சிரிப்புக்காகவே அவள் கேட்டதற்கெல்லாம் சரி என்றேன் என்று இப்போது தோன்றுகிறது.

சுயாதீனப் படம் என்றாள். பெரிய கம்பெனி கிடையாது, ஹீரோ கிடையாது, பாட்டு கிடையாது, மூன்று பேர், ஒரு கேமரா.

"அப்புறம் இன்னாத்துக்கும்மா படம்?"

"தனியா இருக்கிறவங்களைப் பத்திண்ணா. நான் எந்த ஊர்க்காரன்னு சொல்லிக்க முடியாம நடுவுல நிக்கிறவங்களைப் பத்தி."

"நான் கும்மிடிப்பூண்டின்னு சொல்லிக்கினுதான கீறேன்?"

அதையும் சிரித்துக்கொண்டே நோட்டில் எழுதிக்கொண்டாள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க எடுத்தாள். நான் பாத்திரம் கழுவுவது, பேருந்துக்கு நிற்பது, சோறு பொங்குவது. குடியேற்ற அலுவலகத்தில் கைரேகை இயந்திரம் என் விரலை மூன்று தரம் தள்ளிவிட்டதை அவளிடம் சொன்னேன். உள்ளே கேமராவுக்கு அனுமதி இல்லாததால், என் அறையிலேயே ஒரு கண்ணாடித் தகட்டில் என்னை விரல் வைக்கச் சொல்லிப் படம்பிடித்தாள். அடையாளம் அழிந்த மனிதன் என்று பின்னால் யாரோ அதைப் பற்றி எழுதினார்களாம். உருட்டாலையில் இடுக்கி பிடித்தவன் எவனுக்கும் ரேகை ஒழுங்காக விழாது. கும்மிடிப்பூண்டி ரேஷன் கடையில் என் விரல் விழாதபோது கஸ்தூரி தன் விரலை வைப்பாள். சர்க்கரை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவோம். அவ்வளவுதான் விஷயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எலுமிச்சை சாதம் செய்து எடுத்துக்கொண்டு வந்தாள். "இன்னைக்கு ஷூட் இல்லண்ணா, சும்மா மைக் மட்டும் செக் பண்றேன், பேசுங்க" என்றாள். கேமரா மேசைமேல் இருந்தது. அது ஓடுகிறதா என்று நான் பார்க்கவில்லை. தட்டு எடுக்கப் பெட்டியைத் திறந்தபோது அந்தப் போட்டோ அவள் கண்ணில் பட்டது.

"யாருண்ணா இது, கோட் போட்டுகிட்டு?"

"நான்தாம்மா."

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரிக்கச் சிரிக்க எனக்கும் வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வரும்வரை இருவரும் சிரித்தோம். அப்போதுதான் நான் சொன்னேன்:

"இந்த ஒடம்பு யாருதுன்னே தெரியாதும்மா. கையப் பாரு, சினிமாக்காரன் கை மாதிரி. மூஞ்சி மட்டும்தான் என்னுது. என் ஊட்டுக்கு அது போதும்."

4

படம் முதலில் இங்கே ஒரு சின்ன அரங்கத்தில் காட்டப்பட்டது. என்னைக் கூப்பிட்டு முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். இரவல் கோட்டு ஒன்று போட்டுக்கொண்டு போயிருந்தேன்.

கடைசிக் காட்சி அந்தப் போட்டோ. திரை முழுக்க. கஸ்தூரியின் முகம் ஒரு கதவு உயரத்துக்கு. அரங்கம் சிரித்தது. கெட்ட மனதோடு சிரித்தார்கள் என்று சொல்ல மாட்டேன். சிவந்த கை தெரிந்ததும் இன்னும் கொஞ்சம் சிரித்தார்கள். பிறகு என் சிரிப்புச் சத்தம் வந்தது, என் முகம் வந்தது, அந்த வரி வந்தது. என் ஊட்டுக்கு அது போதும். திரை இருட்டானது. பிறகு எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள்.

நானும் எழுந்து, திரும்பி நின்று, கும்பிட்டேன். அதையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

அன்று கஸ்தூரி போனில் "படம் எப்படிக்கீது?" என்று கேட்டாள். "நல்லாக்கீது" என்றேன். போட்டோவைப் பற்றிச் சொல்லவில்லை. எங்கோ நாற்பது ஐம்பது பேர் பார்க்கும் படம், அது எங்கே கும்மிடிப்பூண்டிக்கு வரப்போகிறது என்று நினைத்தேன்.

5

படம் கல்லூரி வழியாக வந்தது.

தர்ஷினியின் கல்லூரியில் ஒரு திரைப்பட மன்றம் இருக்கிறது. தனிமை, அடையாளம், நமக்கான இடம் எது என்கிற மாதிரி விஷயங்களைப் பேசும் சுயாதீனப் படங்களை வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். ஒரு மதியம் இந்தப் படம். தர்ஷினி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

மறுநாள் கூப்பிட்டாள். வழக்கமாக அவள் கூப்பிட மாட்டாள், செய்திதான் அனுப்புவாள்.

"அப்பா, நீ ஒரு படத்துல நடிச்சிக்கிறேன்னு சொன்னல்ல. பாத்தேன்."

அவளே மேலே சொன்னாள்.

"படம் முடிஞ்சதும் மேம் டிஸ்கஷன் வெச்சாங்க. 'அந்த போட்டோல இருக்கிற லேடி யாரைக் குறிக்கிறாங்க'ன்னு கேட்டாங்க. ஒருத்தி எழுந்து, 'தன்னைத்தானே ஏமாத்திக்கிறவங்களைக் குறிக்கிறாங்க மேம். பக்கத்துல ஆளே இல்ல, இருக்கிற மாதிரி நிக்கிறாங்க'ன்னா. எல்லாரும் கை தட்னாங்க."

"நீ இன்னா சொன்ன?"

"நான் இன்னா சொல்றது? அந்த போட்டோல முன்னாடி குந்திக்கினு கீறது நான். ஒருத்திக்குக் கூட அடையாளம் தெரியல. எல்லாம் நோட்ஸ் எடுத்துக்கினு இருந்தாங்க. நானும் எடுத்தேன்."

"அம்மாகிட்ட சொன்னியா?"

"சொல்லல. லிங்க் குடுத்தாங்க. போட்டுக் காட்டிட்டேன்."

6

அந்த வாரம் கஸ்தூரியின் போன் வரவில்லை. அடுத்த ஞாயிறு வந்தது. முதல் கேள்வி எப்போதும்போல.

"இன்னாய்யா, நாஷ்டா ஆச்சா?"

"ஆச்சி."

"படம் பாத்தேன்."

"அந்தப் பொண்ணு சொல்லாம எடுத்துடுச்சி கஸ்தூரி. மைக்கு செக் பண்றேன்னுச்சி. நம்பி..."

"அத்த வுடு. அவ யாரு எனக்கு? அவளை எனக்குத் தெரியாது, அவளுக்கு என்னைத் தெரியாது. நீ எதுக்குச் சிரிச்ச?"

பின்னால் பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நிற்கட்டும் என்று காத்திருந்தவள்போல, நின்றதும் பேசினாள்.

"அன்னிக்கு மண்டபத்துல ஸ்டுடியோக்காரரு இன்னா சொன்னாரு தெரியுமா? 'பக்கத்துல ஒரு ஆளுக்கு எடம் வுட்டு நில்லும்மா, அப்பதான் ஒட்ட வரும்'னாரு. வுட்டு நின்னேன். மொய் வைக்க வர்றவங்க மேல ஏறி போட்டோக்கு நிப்பாங்கல்ல? ஒவ்வொருத்தரையும், 'அங்க வேணாம், இந்தாண்ட நில்லுங்க, அது அவரு எடம்'னு தள்ளி நிக்க வெச்சேன். எங்க அண்ணி இன்னா கேட்டா தெரியுமா? 'இன்னாடி, பேய்க்கு எடம் புடிச்சி வெச்சிக்கிறியா'ன்னா. மேடைக்குக் கீழ குந்தியிருந்த அத்தினி பேரும் சிரிச்சாங்க. நான் சிரிக்கல. சாய்ங்காலம் அஞ்சி மணிலேர்ந்து பந்தி முடியற வரைக்கும் அப்படியேதான்யா நின்னேன். தோள் பட்டை நோவுது, ஒரு கை நீட்டலாம்னாக்கூட நீட்டல. அந்த எடத்துல கை வந்துட்டா ஒட்ட வராதுன்னு."

"எனக்குத் தெரியாது கஸ்தூரி."

"நீ கேட்டியா?"

கேட்கவில்லை. ஆறு வருடமாக அந்தப் போட்டோ என் பெட்டியில் இருக்கிறது. கடிகாரத்தைப் பார்த்திருக்கிறேன், கோட்டைப் பார்த்திருக்கிறேன், சிவந்த கையைப் பார்த்திருக்கிறேன். இரண்டு பேர் இருக்கும் மேடையில் மூன்றாவது ஆளுக்கு அளவாக ஒரு இடம் எப்படிக் கிடைத்தது என்று ஒரு நாள்கூட யோசிக்கவில்லை. அந்தக் கல்லூரிப் பெண் சொன்னது தப்பு. கஸ்தூரி தன்னை ஏமாற்றிக்கொள்ளவில்லை. பக்கத்தில் ஆள் இல்லை என்று அந்த மண்டபத்திலேயே மிக நன்றாகத் தெரிந்திருந்தவள் அவள்தான்.

"அத்தினி பேரு சிரிச்சது எனக்குப் பேஜாரா இல்ல" என்றாள். "நீ பாத்தா சந்தோசப்படுவன்னு நெனச்சேன். நீ அத்த ஒரு பொம்பளப் புள்ளைக்கு எடுத்துக் காட்டி சிரிக்கிற."

7

மதுமிதாவைக் கூப்பிட்டேன். வேறு ஏதோ நகரத்தில் இருந்தாள், படத்தோடு போயிருந்தாள்.

"அம்மா, அந்தப் போட்டோவை எடுத்துடு."

"அண்ணா, அந்த இடம்தான் படத்தோட உயிரே. அதை எடுத்தா படமே இல்லண்ணா."

"மைக்கு செக் பண்றேன்னு சொன்ன."

"ஆமாண்ணா, செக்தான் பண்ணினேன். அப்போ நீங்க பேசினது அவ்வளவு நிஜமா இருந்துச்சு. நான் கேட்டிருந்தா நீங்க அப்படிப் பேசியிருக்கவே மாட்டீங்க."

"அதான்மா நானும் சொல்றேன். கேட்டிருந்தா பேசியிருக்க மாட்டேன்."

மெதுவாக, "நீங்க கையெழுத்து போட்டிருக்கீங்கண்ணா" என்றாள்.

போட்டிருந்தேன். போர்த்துகீசில் நான்கு பக்கம். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து படிக்கத் தெரியாத எத்தனையோ காகிதத்தில் கையெழுத்து போட்டிருக்கிறேன். போடாவிட்டால் வேலை இல்லை, அறை இல்லை, தங்கும் அட்டை இல்லை. இதை நீட்டியவள் தமிழில் பேசினாள், அண்ணா என்றாள். அதனால் மற்றக் காகிதங்களைவிட இதில் சீக்கிரமாகவே போட்டேன்.

"வேணும்னா அவங்க முகத்தை மட்டும் மங்கலாக்கிடட்டுமாண்ணா?" என்றாள்.

நினைத்துப் பார்த்தேன். யாருடையதோ தெரியாத உடம்பு தெளிவாக நிற்கும். அன்று முழுக்க நின்றவள் அழிந்துபோவாள்.

"வேணாம்" என்றேன். அப்படியே இருக்கட்டும் என்று நான் ஒப்புக்கொண்டதாக அவள் எடுத்துக்கொண்டாள். "தேங்க்ஸ்ண்ணா" என்றாள். அதற்குப் பிறகு ஒரு மின்னஞ்சல் மட்டும் வந்தது. அதில் நான் அண்ணன் இல்லை, பங்கேற்பாளர்.

8

இந்த வருடம் எங்கள் வீட்டில் நடக்க வேண்டிய விஷயம் வேறு. என் தங்கும் அட்டை வந்து, மனைவியை வரவழைத்துக்கொள்ளும் மனுவும் கடைசியில் ஏற்கப்பட்டுவிட்டது. தர்ஷினி படிப்பு முடியும்வரை வர மாட்டேன் என்று முன்பே சொல்லிவிட்டாள், விடுதியில் சேர்வதாக ஏற்பாடு. கஸ்தூரி சென்னையில் உள்ள விசா மையத்துக்கு ஒரு நாள் போய், கைரேகையும் காகிதங்களும் கொடுக்க வேண்டும். தேதி வாங்கியாகிவிட்டது. அனுமதிக் கடிதத்துக்குக் கெடு இருக்கிறது. அந்தத் தேதியை விட்டால் அடுத்த தேதி கெடுவுக்குள் கிடைக்காது.

நான் இங்கே வாங்கிவைக்கத் தொடங்கியிருந்தேன். ஒரு குக்கர். இரண்டாவது தலையணை. அவளுக்கு என்று ஒரு குளிர் கோட்டு, அளவு தெரியாமல் பெரிதாக.

அந்தத் தேதிக்கு மறுநாள் கூப்பிட்டேன்.

"போனியா?"

"எங்க?"

"விசா ஆபீசுக்கு."

"இல்ல. சிப்ட்டுக்குப் போனேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் சமாதானம் பேசியிருப்பேன், எனக்கு அது வரும்.

"மறந்துட்டியா?"

"மறக்கல. பைல்லாம் எடுத்து கட்டில் மேல வெச்சேன். அப்புறம் டிபன் பாக்ஸை எடுத்துக்கினு கம்பெனி வண்டிக்குப் போயிட்டேன். ஏன்யா, இங்க வண்டிக்காரன்லேர்ந்து கேட்டுல நிக்கிற செக்யூரிட்டி வரைக்கும் கஸ்தூரின்னா தெரியும். அங்க என்னைத் தெரிஞ்சவங்க யாரு சொல்லு? அந்த போட்டோவப் பாத்து சிரிச்சவங்க. வேற யாரு? அவங்க ஊருக்கு எந்த மூஞ்சிய வெச்சிக்கினு வர்றது?"

சூரத்துக்கு, கத்தாருக்கு, மலேசியாவுக்கு, இங்கே என்று நான் கிளம்பிய ஒவ்வொரு தரமும் அவளுடைய "சரி"யைத்தான் கேட்டிருக்கிறேன். அவள் மாட்டேன் என்றால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

கெடு முடிந்த பிறகு குடியேற்ற அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் நல்ல மாதிரி. கோப்பு மூடப்பட்டுவிட்டது, முதலிலிருந்து புதிதாக மனு போட வேண்டும், இப்போதே தொடங்கட்டுமா என்று கேட்டார். இவ்வளவு வருடம் அங்கே போய்வந்ததில், எதைக் கேட்டாலும் "ஆமாம்" என்பதுதான் என் வாயில் வரும். அன்று, என் மனைவியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். சின்ன வாக்கியம்தான். நடுவில் ஒரு சொல் கிடைக்காமல் தடுமாறினேன். அவர் காத்திருந்தார்.

9

ரொட்டிக் கடையில் நடந்ததைக் கஸ்தூரியிடம் சொன்னபோது, எழுதப் போகிறேன் என்றேன்.

"எழுது. ஆனா என் பேரு போட்டு எழுது" என்றாள். "அந்தப் படத்துல எல்லாருக்கும் பேரு போட்டாங்க, மைக்குப் புடிச்சவனுக்குக் கூட. எனக்கு இல்ல."

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் இதை முழுக்க அவளுக்குப் போனில் படித்துக் காட்டினேன். அண்ணி சொன்னது பேயைவிட மோசமான வார்த்தை, ஆனால் இதுவே இருக்கட்டும் என்றாள். தர்ஷினி நோட்ஸ் எடுத்த இடத்தை இரண்டு தரம் படிக்கச் சொன்னாள். ஓர் இடத்தில் நிறுத்தி, "அத்த எடுத்துடு, அது நமக்குள்ள" என்றாள். எடுத்துவிட்டேன். அது என்ன என்று உங்களிடம் சொல்ல மாட்டேன்.

படித்து முடித்ததும், "அவ்ளோதானா?" என்று கேட்டாள்.

"அவ்ளோதான்."

"சரி, அனுப்பு."

வருகிறேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மதியத்துக்கு என்ன சமைத்தாய் என்று கேட்டேன். வஞ்சிரம் விலை ஏறிவிட்டது, சங்கரா வாங்கினேன் என்றாள்.